இரண்டு மழைக்கு நடுவே ஒரு தோட்டப் பக்கம்

2017 தைப்பொங்கல் முடிந்த வாரம். நாகர்கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்த சிறிய மாத இதழ் ஒன்றின் ஆசிரியர் என் வீட்டுக்கு வந்தார். என்னிடம் தாவரவியல் படித்த பிள்ளை. வீட்டுச் செடிகளுக்கும் தோட்டத்துக்குமாக மாதம் ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதாகவும், அதை நான்தான் எழுதவேண்டும் என்றும் சொன்னார். "ஒரே ஒரு காரியம் டீச்சர். எல்லாரும் எழுதினத நாமளும் எழுதப்பிடாது. புதுசா இருக்கணும். ஒரு வருசத்துக்கு என்னென்ன எழுதப் போறீங்கன்னு முதல்லயே திட்டம் போட்டுத் தந்திருங்க" என்றார். மாதிரிக்கு என்று ஒரு கட்டுப் பத்திரிகைத் துணுக்குகளையும் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கட்டை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள், குளிர்காலத்தில் செடிகளுக்குத் தண்ணீரைக் குறைப்பது எப்படி, வடக்கு ஜன்னலுக்கு ஏற்ற நிழல்செடிகள், அக்டோபரில் விதைக்கவேண்டிய பூக்கள், ரோஜாவைக் கவாத்து செய்யும் காலம். திரும்பத் திரும்ப இவைதான். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊருக்குச் சரி. அந்த ஊர் எங்கள் ஊர் அல்ல. 1860களில் ஃபர்மிஞ்சர் என்ற பாதிரியார் இந்தியத் தோட்டங்களுக்கு ஒரு கையேடு எழுதினார். வங்காளத்துக்கும் வட இந்தியாவுக்குமானது என்று அதன் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். தன் புத்தகம் எந்த மண்ணுக்கு என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. என் முன்னால் கிடந்த துணுக்குகள் எதிலும் அந்தத் தெளிவு இல்லை. ஐப்பசியில் எங்கள் முற்றத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடும்போது, பனிக்காலப் பூ விதையைத் தட்டில் தூவு என்றால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே, எங்கள் குமரி மாவட்டத்தில் நடக்கிறதை மட்டும் எழுதுவது, அதுதான் புதுசு என்று முடிவு செய்துகொண்டேன். காரெல் சாப்பெக் என்ற செக் எழுத்தாளர், 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்த நாடகத்தை எழுதியவர், 1929இல் தோட்டக்காரனின் ஓர் ஆண்டைப் பற்றி மாதம் மாதமாக ஒரு புத்தகம் எழுதினார். ஆங்கிலத்தில் அதைப் படித்தபோது நான் இளம் ஆசிரியை. அவருடைய பிராகா நகரத்துப் பனியும் உறைந்த மண்ணும் என் கண்ணால் காணாதவை. ஆனாலும் ஒரு வரிகூட எனக்கு அந்நியமாகப் படவில்லை. தன் வீட்டுத் தோட்டத்தை விட்டு அவர் வெளியே போகவே இல்லை என்பதுதான் காரணம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எங்கள் நாஞ்சில் நாட்டு நெல்வயலுக்கு ஒரு கணக்கு உண்டு. சித்திரை, வைகாசியில் விதைத்து ஆவணி, புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. அதற்குப் பின் நட்டு மாசி வாக்கில் அறுப்பது கும்பப்பூ. தென்மேற்கு மழைக்கு ஒரு பூ, வடகிழக்கு மழைக்கு ஒரு பூ. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையை நம்பி இருக்க, எங்களுக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஆண்டுக்குச் சராசரி ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். வயலுக்கு இந்தக் கணக்கை வகுத்துத் தந்த முன்னோர், வீட்டு முற்றத்துக்கும் திண்ணைக்கும் எதையும் எழுதி வைக்கவில்லை. அந்த அறிவு வாய்வழியாகவே இருந்தது. கேட்டு வாங்குவதுதான் என் வேலை என்று புரிந்தது. நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினேன்.

முதல் கேள்வி பக்கத்து வீட்டிலிருந்தே வந்தது. அடுத்த வீட்டு மைனி வடக்குத் திண்ணையில் வரிசையாக மணிபிளாண்ட் தொட்டிகள் வைத்திருந்தாள். "வடக்குப் பக்கம் வெயிலே வராதுன்னு பத்திரிகையில போட்டிருந்தான். தையில நல்லாத்தான் நின்னுது. வருசா வருசம் சித்திரையில இலையெல்லாம் தீஞ்ச மாதிரி ஆவுது. கண்ணு பட்டுப்போச்சோ என்னமோ" என்றாள்.

கண்ணேறு அல்ல. நாகர்கோவில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேராக வந்து, அதைத் தாண்டி வடக்கே போய்விடும். திரும்பி எங்களைக் கடந்து தெற்கே இறங்குவது ஆகஸ்ட் முடிவில். இடைப்பட்ட நான்கரை மாதமும் சூரியன் எங்களுக்கு வடக்குத் திசையில் நிற்கிறது. உச்சி வெயில் செங்குத்தாக விழுவதால் திண்ணைக்குள் அதிகம் நுழையாது. காலையில் வடகிழக்கிலிருந்தும் மாலையில் வடமேற்கிலிருந்தும் சரிந்து வருகிற வெயில்தான் சுவர் வரைக்கும் எட்டும். ஆனியில் மேகம் மூடிவிடுவதால் தப்பிக்கலாம். சித்திரையிலும் வைகாசியிலும் அந்த மாலை வெயிலுக்கு மறைப்பு ஒன்றும் கிடையாது. லண்டனில் இருப்பவருக்கு நடுப்பகலில் சூரியன் எந்நாளும் தெற்கேதான். வடக்கு ஜன்னல் என்றால் நிழல் என்பது அவர் ஊருக்குச் சரி. அதை அப்படியே எடுத்துத் தமிழில் எழுதினால் மைனியின் மணிபிளாண்ட் கருகத்தான் செய்யும்.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். ஆண்டுக்கு இரண்டு முறை தொட்டிகளை இடம் மாற்ற வேண்டும். சித்திரை பிறக்கும்போது நிழல்செடிகள் தெற்குப் பக்கம் போகட்டும், ஆவணி பாதியில் வடக்கே திரும்பி வரட்டும். வெயில் வேண்டுகிற ரோஜாவும் பத்துமணிப்பூவும் இதற்கு எதிர்த்திசையில் நகரட்டும். ஏப்ரல் மாதப் பக்கம் இப்படித்தான் முடிவானது. அந்தப் பக்கம் வெளிவந்த பிறகு வழியில் பார்க்கிறவர்கள் "எங்க வீட்டு வடக்குத் திண்ணையில இந்தத் தேதியில வெயில் விழுந்துது" என்று சொல்லத் தொடங்கினார்கள். நாற்பது ஐம்பது ஆண்டு அதே வீட்டில் குடியிருப்பவர்கள் முதன்முறையாகத் தங்கள் திண்ணையின் வெயிலைக் கவனித்ததாகச் சொன்னபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

குளிர்காலத்தில் செடி தூங்கும், தண்ணீரைக் குறை, உரத்தை நிறுத்து என்ற அறிவுரைக்கும் இதே கதைதான். லண்டனில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல், குளிர்காலப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. எங்களுக்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட வருவதில்லை. மார்கழியில் எங்கள் செடிகள் தூங்குவதில்லை. மழையில் நனைந்து களைத்தவை மீண்டும் தளிர் விடும் காலம் அது. உண்மையில் அவை அடங்கி இருப்பது மாசி, பங்குனி வறட்சியில். உரத்தை நிறுத்த வேண்டிய மாதம் பங்குனி என்று மார்ச் மாதத்துக்கு எழுதி வைத்தேன்.

காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள் என்ற தலைப்பை ஆசிரியர் விரும்பினார். அது எல்லாரும் படிக்கிற விஷயம், விற்கும் என்றார். அதை எழுத நான் ஒப்பவில்லை. 1989இல் நாசாவுக்காக வோல்வர்ட்டன் என்பவரின் குழு, மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்து, சில வேதிப்புகைகள் குறைவதைக் காட்டியது. ஆய்வு பொய்யல்ல. ஆனால் வீடு மூடிய பெட்டி அல்ல. பிறகு 2019இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் முப்பது ஆண்டு ஆய்வுகளை ஒன்றாக எடுத்துக் கணக்கிட்டு, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால் ஒரு சதுரமீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று எழுதினார்கள். அந்தக் கணக்கு வருவதற்கு முன்பே எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஓட்டு வீடும் திறந்த ஜன்னலும், மேற்கிலிருந்து வீசுகிற காற்றும் உள்ள ஊரில் அந்தத் தலைப்பு எதற்கு? செடியை அதன் அழகுக்காக வளர்க்கலாம், அதுவே போதிய காரணம்.

அந்தக் காற்றைப் பற்றி எழுதினால் அதுவே புது விஷயம் என்று தோன்றியது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வைகாசியில் கிளம்பும் காற்று புரட்டாசி வரை ஓய்வதில்லை. முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மின்சாரத்துக்கு நல்லது, மொட்டைமாடித் தொட்டிக்கு நல்லதல்ல. வெயிலே இல்லாத சாரல் நாளில்கூட இலையிலிருந்து ஈரத்தைக் காற்று உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மண்ணின் மேல்பக்கம் சாரலில் நனைந்து தெரியும், வேரடியில் வறண்டு கிடக்கும். தோவாளைப் பக்கத்தில் ஒரு வீட்டில், மாடித் தொட்டிகளைத் தரையோடு நெருக்கி ஒரே கூட்டமாக வைத்து, காற்று வரும் மேற்குப் பக்கத்தில் முடைந்த ஓலைத் தட்டி கட்டியிருந்தார்கள். தட்டியில் ஓலைக்கு ஓலை இடைவெளி விட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் சொன்னார்: "முழுசா அடச்சா காத்து மேல ஏறி அந்தப் பக்கம் வந்து சுழட்டி அடிக்கும் டீச்சர். கொஞ்சம் உள்ள விடணும், அப்பத்தான் அடங்கும்." காற்றுத் தடுப்பு பற்றிய பாடநூல்களும் இதைத்தான் சொல்கின்றன. கெட்டிச் சுவரைவிடப் பாதி ஊடுருவும் தடுப்பு நல்லது. அந்த மனிதர் பாடநூல் படித்தவர் அல்லர். ஜூலை மாதப் பக்கம் அவருடையது.

தோவாளைக்குப் போனவள் பூச்சந்தையைப் பார்க்காமல் திரும்ப முடியுமா? விடிவதற்கு முன்பே பிச்சியும் முல்லையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கிரேந்தி, கோழிப்பூ, சம்பங்கி, சிவந்தி, கொழுந்து, அரளி, பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குரலில் விலை சொல்வார்கள். குளங்களில் வளர்ந்த தாமரை எண்ணிக்கைக் கணக்கில் போகும். ஓணம் நெருங்கினால் மதுரை, ஓசூர், பெங்களூர்ப் பூவெல்லாம் இங்கே வந்து இங்கிருந்து கேரளம் போகும். அரளியையும் நொச்சி இலையையும் வைத்துக் கட்டும் தோவாளை மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மாலை எந்தப் பக்கம் திருப்பினாலும் பாய் பின்னியதுபோல ஒழுங்காக இருக்கும். பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும்.

நான் போனது கவாத்து பற்றிக் கேட்க. வேளாண் பல்கலைக்கழகம் தருகிற கணக்கு தெளிவானது: மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில், பிச்சியை டிசம்பர் கடைசியில், முல்லையை ஜனவரி கடைசியில் வெட்டிவிட வேண்டும். மூன்றுக்கும் ஒரே நாளில் கத்தரி வைக்கிற வீடுகள்தான் அதிகம். தோவாளைப் பெண் ஒருத்தி, பிச்சிக்காட்டில் பிறந்து வளர்ந்தவள், இதைக் கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னாள். "நவம்பர்னு சொன்னா இங்க மழை நிக்காதுல்லா. வெட்டின வாயில தண்ணி நின்னா கம்பு கறுத்துப் போவும். மழை வெறிச்சு மூணு நாளு வெயிலு கண்ட பொறவு மல்லியில கை வைக்கணும்." பல்கலைக்கழகத்தின் கணக்கையும் அவளுடைய திருத்தத்தையும் சேர்த்தே எழுதினேன். ஒன்றில்லாமல் மற்றது எங்கள் ஊருக்குப் போதாது.

மண்ணைப் பற்றி எழுத வேண்டியது மிகுதி. நாகர்கோவில் நாகராஜா கோயிலில் பிரசாதமாகத் தருவதே மண்தான். அந்த மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வந்து, வீட்டில் தொட்டிக்குக் கடையில் விற்கும் பொட்டலத்தை வாங்குகிறோம். எங்கள் மாவட்டம் சிறியது, மண்ணோ பல வகை. கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் செம்மண்ணும் சரளையும். நாஞ்சில் வயலில் களி. மணவாளக்குறிச்சியிலிருந்து குளச்சல் வரை கடற்கரை மணல், அரிய கனிமங்கள் கலந்தது. ஒரே தொட்டிக் கலவையை மூன்று இடத்துக்கும் சொல்ல முடியாது. களிமண் வீட்டாருக்கு மணலும் மட்கிய சருகும் கூட வேண்டும். செம்மண் வீட்டாருக்குச் சாணிப்பொடியும் இலைமட்கும் கூட வேண்டும். கடற்கரை வீட்டாரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்று: தென்னைநார்க் கழிவைத் தொட்டியில் போடுமுன் நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். உப்புநீரில் ஊறப்போட்ட தேங்காய்க் கதம்பையிலிருந்து வந்த கழிவில் உப்பு நிற்கும். நாற்றின் இலை ஓரம் கருகும், காரணம் தெரியாமல் உரத்தைக் கூட்டுவோம், உரமும் உப்புத்தானே, கேடு இரட்டிக்கும்.

கடற்கரையில் ஒரு மீனவர் வீட்டு முற்றத்தில், உப்புக்காற்று நேராக அடிக்கிற இடத்தில், நித்தியகல்யாணியும் அரளியும் பூத்துக் குலுங்கியதைப் பார்த்தேன். சுற்றுச்சுவரை ஒட்டிப் பூவரசு. அந்த வீட்டு அம்மா எதையும் வாங்கி வைத்தவர் அல்லர். "நிக்கதத்தான் வச்சேன், நிக்காதத விட்டுட்டேன்" என்றார். உயிரியல் வகுப்பில் இயற்கைத் தேர்வை நான் எத்தனையோ விதமாக விளக்கியிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக ஒருபோதும் சொன்னதில்லை. மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் பரவிய நித்தியகல்யாணியிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் மருந்து எடுக்கப்படுகிறது என்பதை அவரிடம் சொன்னேன். செடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கடற்கரைக்கு என்று தனியாக ஒரு மாதம் ஒதுக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அதை மே மாதத்தில் வைத்தேன்.

மேற்கே, விளவங்கோட்டுப் பக்கம், என் தோழியின் அப்பா இருந்தார். எல்லாருக்கும் அவர் பாட்டா. இங்கிலீஷ் மாதமும் அவருக்குப் பொருட்டல்ல, தமிழ் மாதமும் அத்தனை பொருட்டல்ல. ஞாற்றுவேலைதான் கணக்கு. சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் தங்குகிற பதின்மூன்று, பதினான்கு நாள் ஒரு ஞாற்றுவேலை. ஆண்டுக்கு இருபத்தேழு. சித்திரை பத்தாம் நாள், பத்தாமுதயம், கிழங்கும் தென்னம்பிள்ளையும் வைக்க. ஜூன் 21, 22 தேதிகளில் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலை, நல்லமிளகுக் கொடி நட. "அந்நேரம் மழையும் வெயிலும் மாறி மாறி வரும் மக்ளே. ஒடிச்சு வச்ச கம்பு எதுவும் பிடிக்கும்" என்றார். போர்த்துகீசியர் மிளகுக்கொடியைக் கப்பலில் கொண்டுபோகிறார்களே என்று கோழிக்கோட்டுச் சாமூதிரியிடம் முறையிட்டபோது, 'கொடியைக் கொண்டு போகட்டும், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டு போக முடியாதே' என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. மலையாள நாட்டில் எல்லாரும் அறிந்த கதை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த எங்கள் மாவட்டத்திலும் அதைச் சொல்வார்கள். பாட்டாவும் சொன்னார்.

ஜூன் மாதப் பக்கத்தை முழுக்கப் பாட்டாவுக்கே கொடுத்தேன். செம்பரத்தி, தெற்றி, மிளகு, குரோட்டன்ஸ், எதை எவ்வளவு நீளத்தில் ஒடிப்பது, எத்தனை கணுவை மண்ணுக்குள் விடுவது, அடி இலையைக் கிள்ளுவது ஏன் என்று விரிவாக. அந்த இரண்டு வாரத்தில் காற்றில் ஈரம் மிகுதி, மண்ணில் சூடு மிச்சமிருக்கும். வேர் இல்லாத கம்பு காய்ந்துபோகாமல் இருக்க ஒன்று உதவும், வேர் விரைவாக இறங்க மற்றது உதவும். பாட்டா நட்சத்திரத்தின் பேரில் சொன்னதற்குச் செடியின் உடலிலேயே காரணம் இருக்கிறது. எங்கள் ஊரின் தோட்ட அறிவில் பாதி இப்படிக் காரணம் சொல்லப்படாமல் கிடக்கிறது, அதனாலேயே இளையவர்கள் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் போனேன். அங்கே தேர்ந்தெடுத்து வெளியிட்ட பேச்சிப்பாறை 1 சக்கை (பலா) ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கும் என்பதை அறிந்தபோது, இந்த மாவட்டத்தின் இரண்டு மழையும் கண்முன் வந்து நின்றன. வாழையைப் பற்றித் தனியாக எழுதவே வேண்டாம், எங்கள் வீடுகளில் அது செடி அல்ல, வீட்டு ஆள். மட்டி, பேயன், செந்துளுவன், ஏத்தன், ரசகதலி, பாளையங்கோட்டான். இதில் மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் இங்கே மட்டிதான். முற்றத்துக் கழிவுநீர் போகிற மூலையில் ஒரு மட்டி நின்றால் போதும், அந்த வீட்டுக்குத் தோட்டம் உண்டு என்பேன்.

இப்படியாகப் பன்னிரண்டு மாதமும் நிறைந்தது. டிசம்பர் பக்கத்துக்கு, மழை ஓய்ந்த பிறகு பிச்சியின் கவாத்தும் கீரைப்பாத்தியும் என்று எழுதி, அச்சுக்கும் கொடுத்துவிட்டேன்.

அந்த ஆண்டு நவம்பர் 30, கார்த்திகை மாதம். ஒக்கி புயல். முந்தின இரவே காற்று ஆரம்பித்துவிட்டது. வங்கக் கடலில் உருவாகி நாகப்பட்டினத்துக்கோ கடலூருக்கோ போகிறதுதான் புயல், குமரிக்குப் புயல் வராது என்று நம்பி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. விடிந்து பார்த்தால் தெரு தெரியவில்லை, மரங்கள்தான் தெரிந்தன. ரப்பர்த் தோட்டங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, வாழைகள் முழுதும் விழுந்தன. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளில் அழுகை ஓயவில்லை. அந்த நாட்களில் செடி, கொடி என்று பேச வாய் எழவில்லை. இதழை நிறுத்தி வைக்கலாம் என்றே ஆசிரியரிடம் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து, மைனியும் தெருவில் இருந்த பெண்களும் வந்து கேட்டார்கள். சாய்ந்த முருங்கை பிழைக்குமா, பலா போனதால் முற்றம் முழுக்க வெயில், நிழலில் நின்ற ஆந்தூரியமும் பெரணியும் என்ன ஆகும், கிணற்றடியில் விழுந்த மரத்தை எப்படி எடுப்பது. அச்சுக்குப் போனதைத் திரும்ப வாங்கினேன். டிசம்பர் பக்கம் மறுபடி எழுதப்பட்டது. வேரில் பாதியாவது மண்ணுக்குள் இருக்கிற இளமரத்தைச் சில நாளுக்குள் நிமிர்த்தலாம். நிமிர்த்துமுன் கிளையைக் குறைக்க வேண்டும், இல்லையெனில் குறைந்த வேர் அவ்வளவு இலைக்கு நீர் தர முடியாது. வெளியே தெரிகிற வேரை ஈரச்சாக்கால் மூடி வைக்க வேண்டும். ஊறிக்கிடக்கிற மண்ணில் தண்ணீர் விடக்கூடாது. மூன்று பக்கம் முட்டுக் கொடுத்து, கட்டுகிற கயிறு பட்டையை அறுக்காமல் சாக்கு சுற்ற வேண்டும். பெரிய மரத்தை நிமிர்த்த முயல வேண்டாம், அது ஆளைக் கொல்லும். முறிந்த முருங்கைக் கம்பைத் தூக்கி எறியாமல் நடுங்கள், செம்பரத்தியையும் அப்படியே. விழுந்த வாழையின் கிழங்கைத் தோண்டாதீர்கள், பக்கக்கன்று வரும். நிழல்செடிகளுக்கு, விழுந்து கிடக்கிற தென்னையின் ஓலையை முடைந்து பந்தல் போடுங்கள். அந்தப் பந்தலுக்காவது அந்த மரம் உதவட்டும்.

முன்கூட்டித் திட்டமிட்டவற்றில் எதுவும் அந்தப் பக்கம் அளவுக்குப் படிக்கப்படவில்லை. தெருக்கோடி டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நட்ட முருங்கைக் கம்புகள் பல அடுத்த சித்திரையில் காய்த்தன.

பிறகு வந்த ஆண்டுகளில் தென்னை ஓலையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. இந்தியாவில் 2016இல் பொள்ளாச்சியில் முதலில் கண்டறியப்பட்ட பூச்சி. தென்னைக்குக் கீழே வைத்த தொட்டிச்செடிகளின் இலையெல்லாம் கறுப்பு பூசியதுபோல் ஆனது. அது செடியின் நோய் அல்ல, மேலே இருக்கும் பூச்சி சொரிகிற இனிப்புநீரில் வளரும் பூசணம். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் மைதாவைப் பசையாகக் கரைத்துத் தெளித்தால் காய்ந்து உரிந்து விழும். நஞ்சு தெளித்தால், அந்த ஈயை அழிக்கிற என்கார்சியா என்ற சிறு குளவியும் சேர்ந்து சாகும், ஈ இன்னும் பெருகும். இதையும் ஒரு பக்கமாக எழுதினேன். இதழ் சில ஆண்டுகளில் நின்றுபோனது. நோட்டுப் புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன.

அவற்றைப் புரட்டும்போது ஒரு குறை உறுத்துகிறது. எல்லாம் ஒருவர் கேட்டு, ஒருவர் எழுதியது. அகஸ்தீஸ்வரத்தின் கடலோரமும் பேச்சிப்பாறையின் மலையடிவாரமும் ஒரே மாவட்டம், மழையிலும் மண்ணிலும் வேறு வேறு ஊர். பாட்டா இப்போது இல்லை. அவரைப் போன்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் படிப்பில்லாத ஊர் கிடையாது, பள்ளிக்கூடம் இல்லாத ஊரும் கிடையாது. ஒவ்வொரு பள்ளியிலும் தாவரவியல் ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளின் வீட்டில் என்ன செடி எந்த நாளில் நட்டார்கள், எப்போது பூத்தது, எப்போது பூச்சி வந்தது, மழை எந்நாள் விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கினால் நான்கைந்து ஆண்டில் குமரி மாவட்டத்துக்கென்று ஒரு தோட்ட நாட்காட்டி வந்துவிடும். திருப்பதிசாரத்திலும் பேச்சிப்பாறையிலும் இருக்கிற ஆராய்ச்சி நிலையங்கள் அதைச் சரிபார்த்துத் தர முடியும். என் நோட்டுகளை யார் கேட்டாலும் தருகிறேன். ஆசிரியப் பிள்ளைகளே, வருகிற சித்திரையில் தொடங்குங்கள்.